எந்த விரலை எடுப்பது

என் வீட்டுக்காரருக்கு வலது காலில் ஆறு விரல். கல்யாணத்துக்கு முன்பே எனக்குச் சொல்லிவிட்டார்கள். சொன்ன விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அவருடைய அண்ணி என்னை ஓரமாக அழைத்துப் போய், ஏதோ அவர் ஜெயிலுக்குப் போய் வந்தவர் மாதிரி குரலைத் தாழ்த்தி, "கால்ல ஒரு விரல் கூட இருக்கு. மத்தபடி தங்கமான பையன்" என்றாள். "குறைஞ்சாத்தானே கவலைப்படணும், கூட இருந்தா லாபம்தானே" என்றேன். சிரிப்பதா முறைப்பதா என்று அண்ணிக்குத் தெரியவில்லை.

அவருக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை. வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் நடப்பார். தூங்கும்போதும் சாக்ஸ்தான். கொளுத்துகிற வெயில் காலத்திலும் குளித்த கையோடு கால் சாக்ஸுக்குள் போய்விடும். சின்ன வயதில் அவர் அம்மா அந்தக் காலைத் துணியில் சுற்றித்தான் வெளியே விளையாட அனுப்புவாராம். இதையும் அண்ணிதான் சொன்னாள். எனக்கு எதற்கு வம்பு என்று நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நான் வீட்டின் முன் அறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்குக்கு மேல். அவருக்கு இரண்டும் கிடையாது. அதனால் குடும்பம் ஓடியது.

எங்கள் மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் காலையில் கணக்குப் பரீட்சை என்று ஒரே அழுகை. அவர் குளித்துவிட்டு வந்து சாக்ஸை மாட்டுவதற்குள் அவள் அறைக்குள் ஓடிப்போய் நின்றுவிட்டாள். அழுகை டக்கென்று நின்றது. "அப்பா, உனக்கு மட்டும் ஏன் ஒண்ணு எக்ஸ்ட்ரா?" என்றாள். அவர் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை உருவிக் காலை மூடப் போனார். எனக்கு அடுப்பில் பால் பொங்குகிற சத்தம், யோசிக்க நேரமில்லை. "அது அதிர்ஷ்ட விரல்டி. அதைத் தொட்டுட்டுப் போ, கணக்கு தானா வரும்" என்று ஒரே போடாகப் போட்டேன்.

குட்டி குனிந்து கடைசி விரலை முதலில் விரல் நுனியால் தொட்டாள். பிறகு கை நிறையப் பிடித்துக்கொண்டாள். அவர் ஆடாமல் அசையாமல் நின்றார். சாயங்காலம் அவள் முழு மதிப்பெண்ணோடு வந்து குதித்தாள். அவள் எப்போதுமே கணக்கில் கெட்டி என்பது வேறு விஷயம்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. பரீட்சையா, பாட்டுப் போட்டியா, பல் பிடுங்கப் போகிறாளா, எதுவாக இருந்தாலும் முதலில் அப்பாவின் கால். பிறகு அவள் தோழிகள். பிறகு என் தம்பி, டிரைவிங் லைசென்ஸ் வாங்க மூன்றாவது தடவை போனபோது. ஹால் டிக்கெட்டை ஜெராக்ஸ் எடுக்க வருகிற பிள்ளைகள், "ஆன்ட்டி, அங்கிள் இருக்காரா?" என்று உள்ளே எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். என் கடையில் கூட்டம் சேர்ந்தது மெஷினால் அல்ல, அது பாதி நாள் பேப்பரைத் தின்றுகொண்டு கிடக்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, "ஒழுங்கா படிச்சியா? படிக்காம வந்தா விரல் வேலை செய்யாது, சொல்லிட்டேன்" என்று ராஜா மாதிரி பேசுவார். சாக்ஸ் எந்த நாளில் வீட்டைவிட்டுப் போனது என்று நான் கவனிக்கவே இல்லை. ஒரு அவசரப் பொய்க்கு இவ்வளவு சக்தியா என்று எனக்கே ஆச்சரியம்.

இப்படியே வருஷங்கள் ஓடின. போன வருஷம் பள்ளிக்கூடத்தில் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஓட்டுநர்கள் எல்லோரும் மூடிய ஷூ போட வேண்டும். அதுவரை அவர் திறந்த செருப்போடுதான் ஓட்டிக்கொண்டிருந்தார். சாதாரண ஷூவைப் போட்டுப் பார்த்தார். கடைசி விரல் நசுங்கித் தோல் உரிந்து சாக்ஸில் ரத்தம். பெரிய அளவு வாங்கினார், குதிகால் உள்ளே வழுக்கியது. கடைசியில் அளவு கொடுத்து ஒன்று தைத்துக்கொண்டார். ஷூவா அது, படகு. அதைப் போட்டுக்கொண்டு அவர் நடந்ததைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் எனக்கு இருமலே வந்துவிட்டது.

அடுத்த வாரம் அந்தச் சிரிப்பு போயிற்று. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனைத் திருப்பியிருக்கிறார். பிரேக்கை மிதித்தபோது ஷூவின் விளிம்பு பக்கத்திலிருந்த ஆக்சிலேட்டரையும் சேர்த்து அழுத்திவிட்டது. வேன் ஒரு துள்ளு துள்ளிக் குப்பைத் தொட்டியை இடித்து நின்றது. யாருக்கும் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள ஒரு பிள்ளைகூட இல்ல" என்றார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இருந்திருந்தா?" என்றார்.

பள்ளிக்கூடத்து வண்டிகளையெல்லாம் கவனிக்கிற இன்சார்ஜ் நல்ல மனுஷர்தான், ஆனால் கறார். "கோடை லீவு முடியறதுக்குள்ள சரியான ஷூ போட்டுட்டு வாங்க. இல்லன்னா வேனை வேற ஆளுக்குக் குடுக்க வேண்டியதுதான். தப்பா நெனைச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்த வேன் இவருக்கு என்ன என்று எனக்குத்தான் தெரியும். எந்தக் குட்டி எந்தத் திருப்பத்தில் வாந்தி எடுக்கும், எந்த இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைக்கக் கூடாது, யாருக்குப் பல் ஆடுகிறது, எல்லாம் ராத்திரிச் சாப்பாட்டோடு எனக்கு வந்து சேரும். பிறர் வீட்டுப் பிள்ளைகளின் பல்லைப் பற்றி இவ்வளவு தெரிந்த இன்னொருத்தி இந்த ஊரில் இருக்க மாட்டாள். வேன் போய்விட்டால் இவர் என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"விரலை எடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார் அவரே.

கால் டாக்டரம்மா சின்ன வயசு. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடுகிற ரகம். அவர் காலை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். அப்புறம் எக்ஸ்ரேயைக் காட்டினாள்.

"பாருங்க, இந்த ஓர எலும்பு ஒண்ணுதான். அதோட தலை அகலமாகி, அதுலருந்து ரெண்டு விரல் கெளம்பியிருக்கு. அதான் ஷூ பிடிக்கல. ஒரு வயசுலயே பண்ணியிருக்கலாம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. கூடுதலா இருக்கற விரலை எடுத்துட்டு, எலும்பைக் கொஞ்சம் செதுக்கிட்டா, ஒரு மாசத்துல ஷூ போட்டுக்கலாம்."

லீவு முடிய அதற்கு மேலும் நாள் இருந்தது. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. அவளுக்கு ஆயுசுக்கும் இலவசமாக ஜெராக்ஸ் எடுத்துத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில்தான் வெடித்தது. மகள் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். அப்போது அவளுக்கு ஏழு மாசம். விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்துவிட்டாள்.

"அப்பா, இப்ப வேண்டாம்ப்பா. குழந்தை பொறக்கட்டும். அப்புறம் எத வேணா எடுத்துக்கோ."

"ஏண்டி, படிச்சவதானே நீ?" என்றேன்.

"பைத்தியக்காரத்தனம்னு எனக்கே தெரியும்மா. ஆபீஸ்ல பத்துப் பேருக்குப் புத்தி சொல்ற ஆளுதான் நான். ஆனா போன தடவ வலி வந்தப்போ நேரா ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டுப் போயிட்டாங்க. அப்பா கால நான் தொடல. என்ன ஆச்சுன்னு பாத்தல்ல?"

பார்த்தேன். அந்தக் குழந்தையை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அவர் மகளின் தலையைத் தடவி, "சரி கண்ணு. அப்புறமே பாத்துக்கலாம்" என்றார்.

அவள் படி இறங்கியதும் நான் பிடித்துக்கொண்டேன். "குழந்தை பொறந்து, அதுக்கப்புறம் ஆபரேஷன் பண்ணி, எப்ப ஷூ போடுவீங்க? வேன் போயிடும்ங்க."

"பாத்துக்கலாம்."

"என்னத்தப் பாப்பீங்க? நானே போய் அவகிட்ட சொல்லிடறேன். அது அதிர்ஷ்டமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல, பால் பொங்கற அவசரத்துல நான் விட்ட கதைன்னு."

"சொல்லாத" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. அவளிடம் நான் சொல்லவில்லை, ஆனால் அன்று கடையில் மாட்டியவர்கள் பாவம்.

ரெண்டு நாள் கழித்து, ரத்தப் பரிசோதனைக்கு என்று தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனார். வரும்போது தேதி வாங்கி வந்தார். "பண்ணிக்கப் போறேன். பாப்பாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். அப்பாடா, மனுஷருக்குப் புத்தி வந்தது என்று நினைத்தேன். மகள் அழுது ஓய்ந்து சரி என்றாள். ஆபரேஷன் நாள் காலையில் வந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி மெதுவாகக் கீழே உட்கார்ந்து, அந்தக் கடைசி விரலைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றிருந்தாள். "நீ பயப்படற மாதிரி ஒண்ணும் நடக்காதும்மா" என்றார் அவர். எல்லா அப்பாவும் சொல்கிற வார்த்தைதான் என்று நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆபரேஷன் அறைக்கு வெளியே எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு சின்ன விரலுக்கு இவ்வளவு நேரமா? வெளியே கொண்டுவந்தபோது கால் முழுக்க விரல் நுனிவரை பெரிய மூட்டையாகக் கட்டியிருந்தார்கள். அவர் அரை மயக்கத்தில் என்னைப் பார்த்து, "கடையப் பூட்டினியா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பூட்டினேன் என்று பொய் சொன்னேன்.

பத்து நாள் கழித்துக் கட்டுப் பிரிக்கப் போனோம். மகளும் வருவேன் என்று பிடிவாதம். அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம். நர்ஸ் கட்டைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். பஞ்சை எடுத்தாள். நான் குனிந்து பார்த்தேன்.

ஐந்து விரல் இருந்தது. கணக்கு சரிதான். ஆனால் ஓரத்தில் இருந்தது அந்தக் கடைசி விரலேதான். நகம் சின்னதாக, கொஞ்சம் சாய்ந்து, ஊரே தொட்டுத் தொட்டுப் போன அதே விரல். அதன் நுனியிலிருந்து ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்து விரலைத்தான் காணோம்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அடுத்த அறையில் இருந்த டாக்டரம்மாவின் முன்னால் போய் நின்றேன்.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க? எடுக்க வேண்டியது கடைசி விரல்! பக்கத்துல சும்மா இருந்த நல்ல விரல எடுத்துட்டீங்களே! எண்ணத் தெரியாதா உங்களுக்கு? ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்குத் தெரியுமே அது எந்த விரல்னு!"

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர் தன் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பின்னாலிருந்து அவர் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே வந்து, "ஏம்மா, ஏம்மா, நீ வா இங்க" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு மயக்கம் இன்னும் தெளியல."

டாக்டரம்மா கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள். "வீட்டுல சொல்லவே இல்லையா நீங்க?"

அவர் தரையைப் பார்த்தார்.

"உக்காருங்கம்மா" என்றாள் என்னிடம். "ரெண்டுல எத எடுத்தாலும் கால் குறுகிடும். வெளிய இருக்கறத எடுத்தா வேலை சுலபம், சீக்கிரம் ஆறிடும். நான் அதத்தான் எடுக்கறதா இருந்தேன். ரத்தம் குடுக்க வந்த அன்னைக்கு இவர் என்னைத் தனியாப் பாத்து, அத விட்டுட்டு உள்ள இருக்கறத எடுக்க முடியுமான்னு கேட்டாரு. முடியும்னேன். ஆனா வெளி விரல உள்ள இழுத்து, தசைநாரத் தெச்சு, கம்பி போட்டு நிறுத்தணும். கம்பிய எடுக்கவே ஆறு வாரம் ஆகும், ஷூ அதுக்கும் அப்புறம்தான்னு சொன்னேன். பரவால்லன்னாரு. உள்ள பாத்துட்டுத்தான் உறுதியா சொல்ல முடியும்னேன், அதுக்கும் சரின்னாரு. கையெழுத்தும் போட்டாரு."

"ஆறு வாரமா? பள்ளிக்கூடம் தெறந்துடுமே."

"அதையும் சொன்னேன்மா."

டாக்டரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேனா இல்லையா என்று ஞாபகமில்லை. கேட்டிருக்க வேண்டும். நேராக வராந்தாவுக்குப் போய் இன்சார்ஜுக்கு போன் போட்டேன். எப்படியாவது பேசி, கெஞ்சி, சண்டை போட்டு, இரண்டு வாரம் கூட வாங்கிவிடலாம் என்று கணக்கு. அவர் என்னைப் பேசவே விடவில்லை.

"உங்களுக்குத் தெரியாதாம்மா? ஆபரேஷனுக்கு முன்னாடியே வந்து சாவியக் குடுத்துட்டாரே. புது ஆளையும் இவரே கூட உக்காத்தி வெச்சு வழி சொல்லிக் குடுத்தாரு. எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும்ங்கறது வரைக்கும். கால் சரியானதும் வரட்டும். யாராவது லீவு போட்டா ஓட்டறதுக்கு ஆள் வேணும், பாத்துக்கலாம்."

ஆக, வேன் போய்விட்டது. எனக்குத் தெரியாமல், என் மூக்குக்குக் கீழேயே போய்விட்டது.

திரும்பி வந்தால், மகள் உள்ளே போய் காலைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறாள். "அம்மா, பாத்தியா, அதயே விட்டுட்டாங்க!" அவர் துளிக்கூடத் தடுமாறாமல், "எக்ஸ்ரேல அதுதான் நல்ல விரல்னு தெரிஞ்சுதாம்" என்றார். பொய் சொல்ல என்னிடம்தான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். அவள் கம்பிக்குப் பயந்து தொடவில்லை, காற்றிலேயே ஒரு முறை தொடுகிற மாதிரி செய்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வண்டி பிடித்து அவளை அவள் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குப் பயம் பிடித்திருக்கும். நான் கத்தாவிட்டால்தான் அவருக்குப் பயம்.

வீட்டுக்குள் வந்து அவரை நாற்காலியில் உட்காரவைத்து, காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, கதவைச் சாத்தினேன். பிறகு ஆரம்பித்தேன்.

"அவதான் வயித்துல பிள்ளைய வெச்சுக்கிட்டுப் பயப்படறா. அவள விடுங்க. உங்களுக்கு எங்க போச்சு புத்தி? அது பொய்னு உங்களுக்குத் தெரியும்ல? என் வாயிலருந்து வந்தப்போ நீங்க அங்கதானே நின்னீங்க?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா? ஒரு பொய்க்காகவா வேனைக் குடுத்துட்டு வந்தீங்க? எந்த விரல் போனா என்ன? அந்த விரலால உங்களுக்கு என்ன கெடைச்சுது, சொல்லுங்க?"

அவர் புதுக் கட்டின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நெனவு தெரிஞ்சு என் கால யாரும் தொட்டது இல்ல" என்றார். "எங்கம்மாகூட துணிக்கு மேலதான். பாப்பாதான் மொதல்ல தொட்டா. கூசிப்போச்சு எனக்கு. அழுதுடுவேனோன்னு அசையாம நின்னேன். அப்புறம் யார் யாரோ பெத்த பிள்ளைங்க எல்லாம் வரிசையா வந்து தொட்டுட்டுப் போச்சு. அத வெட்டிக் குப்பையில போடச் சொல்ல எனக்கு மனசு வரல."

"நான் இல்லையா?" என்று கேட்டேன். "நான் உங்க கால ஒரு நாளும் வேத்துமையாப் பாத்ததில்லையே."

"பாக்கவே இல்லையேம்மா நீ" என்றார். குரலில் குறை எதுவும் இல்லை. என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரிதான் சொன்னார்.

வெளியே யாரோ கதவைத் தட்டி, "ஆன்ட்டி, ரெண்டு காப்பி எடுக்கணும்" என்றார்கள். "மெஷின் ரிப்பேர், நாளைக்கு வாங்க" என்று கத்தினேன். கம்பியைச் சுற்றித் தினமும் மருந்துப் பஞ்சால் துடைக்க வேண்டும், வீட்டில் யாராவது கற்றுக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தேன். கீழே உட்கார்ந்து, அவர் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.